குடிலைப் பார்த்து உட்கார்ந்த ஆலாக்கள்

எங்கள் சரணாலயத்துக்குக் கோடையில் நடக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "பறவை எங்கங்க?" வழியெல்லாம் பறவைதான். அலை ஓரத்தில் உள்ளான்கள் குடுகுடுவென்று ஓடும், உப்பங்கழியில் கொக்கு நிற்கும், தலைக்கு மேலே வானம்பாடி தொண்டை கிழியப் பாடும். இருந்தாலும் கேட்பார்கள். அவர்களுக்குப் பறவை என்றால் முகத்துக்கு நேரே வந்து நிற்க வேண்டும், போட்டோ எடுத்து முடிகிற வரைக்கும் பொறுமையாக இருக்க வேண்டும். பெற்ற பிள்ளையே அப்படி நிற்காது.

நான் அங்கே நடை கூட்டிப் போகிறவள். என் வீட்டுக்காரர்தான் சரணாலயத்தின் பொறுப்பாளர். வண்டி நிறுத்தும் இடத்தில் கூட்டத்தைச் சேர்த்து, தொப்பி இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, மணல்மேடுகளுக்கு நடுவே போட்ட பலகைப் பாதையில் நடத்திக்கொண்டு போய், கடைசியில் இருக்கும் மறைவுக் குடிலில் உட்கார வைப்பது என் வேலை. பறவைகளுக்கு ஆள் தெரியாதபடி, பலகைச் சுவரில் நீளமாக ஒரு பிளவு மட்டும் விட்டுக் கட்டிய குடில் அது. அங்கே இவர் வந்து பேசுவார். பேச்சு என்றால் இவருக்கு வெல்லம். ஒரு நண்டு வளையைக் காட்டி அரைமணி நேரம் பேசுவார், கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். நான் பேசினால், கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். எனக்கு அதில் பொறாமை இல்லை. சரி, கொஞ்சம் உண்டு.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. மரத்தில் பறவை செய்வது.

சின்ன ஆலா என்று ஒரு கடல் பறவை. ஒரு சாண் நீளம்தான் இருக்கும். வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, நுனி கறுத்த மஞ்சள் மூக்கு. கோடையில் வந்து வெறும் மணலில் முட்டை வைக்கும். கூடு என்று ஒரு குச்சிகூடக் கிடையாது. நெஞ்சால் அழுத்தி ஒரு குழி, அவ்வளவுதான் வீடு. ஆனால் தனியாகக் குடித்தனம் நடத்தப் பயம். நாலு பேர் இருக்கிற இடத்தில்தான் இறங்கும். அதனால் கோடை பிறக்கும் முன்பே நாங்கள் மரப் பறவைகளை மணலில் நட்டு வைப்போம். மேலே போகிற ஆலா கீழே எட்டிப் பார்க்கும், நம் ஆட்கள் இருக்கிறார்கள், அப்படியானால் இடம் நல்ல இடம்தான் என்று நம்பி இறங்கும். ஏமாற்று வேலைதான். நல்ல இடத்தைக் காட்டி ஏமாற்றுகிற வரையில் அதில் பாவம் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்பு நான் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்தவள். சரணாலய வாசலுக்குப் பலகை எழுத வந்த இடத்தில்தான் இவரைப் பார்த்தேன். அப்போது இவருக்குப் பொறுப்பும் இல்லை, சட்டையில் பொத்தானும் சரியாக இல்லை. முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு ஆலாவுக்காக யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சண்டையைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன். முதல் மரப் பறவையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் செதுக்கினோம். அது ஆலா மாதிரி இல்லை, வாத்து மாதிரி இருந்தது. அதைப் பார்த்தும் ஒரு ஜோடி இறங்கியது. அன்றைக்கு இவர் அழுதார்.

அதன் பிறகு கை பழகிவிட்டது. வீட்டின் பின்னறையில் மரச் செதில் எப்போதும் காலில் குத்தும். சாயம் பளபளத்தால் பறவை மிரளும், அதனால் ஈரம் காயும் முன் பொடிமணலைத் தூவித் தேய்த்து மினுக்கை எடுத்துவிடுவேன். வயிற்றில் ஓர் இரும்புக் கம்பி, அதை மணலில் ஆழமாக அடித்துவிட்டால் புயலே வந்தாலும் அசையாது. எல்லா மூக்கும் காற்று வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். உயிருள்ள ஆலா அப்படித்தான் உட்காரும். காற்றுக்கு முதுகைக் காட்டினால் இறகெல்லாம் கலைந்து போகும். இடம் எப்போதும் ஒரே இடம்தான். கழிக்கு அப்பால் கிளிஞ்சல் குவிந்து உயர்ந்து கிடக்கும் திட்டு. நாங்கள் அதை முதுகு என்போம். எவ்வளவு பெரிய கடலேற்றம் வந்தாலும் முதுகு நனைந்து நான் பார்த்ததில்லை.

ஒரே குறை, குடிலிலிருந்து முதுகு தூரம். பைனாகுலரில் பார்த்தாலும் ஆலாக்கள் உப்புக் கல் சிந்தின மாதிரிதான் தெரியும். வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். "இதுக்குத்தானா இவ்வளவு தூரம் நடந்தோம்?" சென்ற ஆண்டு மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தார். அவரும் பிளவு வழியாகப் பார்த்துவிட்டு, "பறவையெல்லாம் உங்க பேச்சுல மட்டும்தான் இருக்கு போல" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

இந்த ஆண்டு பறவைகளுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தபோது பின்னறை வாசலில் வந்து நின்றார். குழைவாகப் பேசும்போது என்னை மேஸ்திரி என்பார். நான் எல்லாரையும் வேலை வாங்குகிறேனாம்.

"மேஸ்திரி, ஒரு யோசனை."

"சொல்லுங்க."

"இந்தத் தடவை பொம்மைய குடிலுக்கு முன்னாடி நட்டா என்ன? அந்த மணல் நல்லா வெளிச்சமா, பாக்க அழகா இருக்கு."

"பாக்க அழகாத்தான் இருக்கும். கடல் ஏறுனா முட்டை என்ன, நீந்துமா?"

"அங்க தண்ணி வந்து பல வருஷம் ஆச்சு."

"வந்து பல வருஷம் ஆச்சுன்னா, வரும்னுதானே அர்த்தம்?"

சிரித்தார். "சரிங்க மேஸ்திரி, உங்க உத்தரவு" என்று கையைக் கட்டிக்கொண்டு குனிந்தார். விஷயம் முடிந்தது என்று நான் தூரிகையைக் கழுவினேன். முடிந்தது என்று நினைத்ததுதான் என் மடத்தனம். இவர் சண்டை போடாமல் ஒத்துக்கொண்டால் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அது எனக்கு உறைக்கவில்லை.

அந்த வாரமே என் தங்கை மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். அவள் எழுந்து நடக்கும் வரை நான் அங்கே இருக்க வேண்டியதாயிற்று. இவர் தினமும் போன் செய்வார். தங்கை கால் எப்படி, நீ தூங்கினாயா, வீட்டில் எண்ணெய் தீர்ந்துவிட்டது, எல்லாம் பேசுவார். "ஆலா வந்துதா?" என்று கேட்டால், "வந்தாச்சு, வந்தாச்சு. போன வருஷத்தை விட ஜாஸ்தி" என்பார். குரலில் அவ்வளவு சந்தோஷம். நானும் சந்தோஷப்பட்டேன். எங்கே வந்தன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்த அன்று பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே சரணாலயத்துக்குத்தான் போனேன். வாசலில் டிக்கெட் கிழிக்கிற அம்மாவுக்கு ரேடியோ என்று பெயர். ஆள் வருவதற்கு முன்னால் செய்தி வரும்.

"வந்துட்டியா? போய்ப் பாரு. உங்க ஐயா கூட்டத்தை அள்ளுறாரு. குடிலுக்குள்ள நிக்க இடம் இல்ல. பறவை கைக்கெட்டுற தூரத்துல உக்காந்திருக்கு!"

பலகைப் பாதையில் ஓடினேன். குடிலில் அப்போது யாரும் இல்லை. பிளவு வழியாகப் பார்த்தேன்.

என் பறவைகள் எதிரே தாழ்ந்த மணலில் நின்றன. எல்லாம் குடிலைப் பார்த்தபடி நட்டிருந்தன. காற்று ஒரு பக்கமிருந்து வருகிறது, இவை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, ஸ்டூடியோவில் நிற்க வைத்த குடும்பம் மாதிரி வரிசையாக முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே உயிருள்ள ஆலாக்கள் காற்றுக்கு முகம் கொடுத்து, மணலோடு மணலாகப் படுத்திருந்தன. எழுந்து இடம் மாறிய ஒன்றின் அடியில் புள்ளி போட்ட இரண்டு முட்டைகள் தெரிந்தன. அந்த மரப் பறவைகள் நிற்கிற நிற்பே தப்பு. ஒரு கோழிக்குக்கூட அது தெரியும். தெரிந்தும் இறங்கியிருந்தன. அவ்வளவு நம்பிக்கை. எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

முட்டை வைத்த பிறகு மரப் பறவையை எடுத்து ஒரு பயனும் இல்லை. முட்டையை எடுத்துக்கொண்டு போய் வேறிடத்தில் வைத்தால் தாய் வராது. இனி கடல் வருவதற்குள் குஞ்சு வர வேண்டும். பௌர்ணமி கடலேற்றம் முந்துமா, குஞ்சு முந்துமா என்பதுதான் கேள்வி. குஞ்சு வெளியே வந்து இரண்டு நாள் ஆகிவிட்டால் போதும், தானே ஓடி மேடு ஏறிவிடும்.

இவர் மத்தியானம் வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் செத்து, உடனே பூத்தது.

"பாத்தியா? எப்படி இருக்கு?"

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"கத்தாத. எத்தனை ஜோடி பாரு. முதுகுல இவ்வளவு வந்ததே இல்ல."

"நான் செஞ்ச பொம்மைய வச்சு என்னைக் கேக்காம..."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

கேட்டால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்தான். ஒரு மனிதன் தன் குற்றத்தையே நியாயமாகச் சொல்லும்போது சண்டையை எங்கிருந்து பிடிப்பது?

சண்டையால் முட்டை பொரியாது. எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. மீன் சந்தையில் கழித்துப் போடும் பலகைப் பெட்டிகளைக் கவிழ்த்து மணல் மூடி, குழியை முட்டையோடு அதன் மேல் ஏற்றுவது. ஒரேயடியாகச் செய்யக் கூடாது. இன்று ஒரு விரல் உயரம், நாளை ஒரு விரல் உயரம் என்று ஏற்றினால் தாய் பழகிக்கொள்ளும். ஒரு வாரம் குடிலை மூட வேண்டும், அவ்வளவுதான். வாய் நிறைய உப்புக் காற்றோடு அந்தப் பெட்டிகளை நான் சந்தையிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மீன் வாடை என் தலைமுடியில் ஏறிவிட்டது.

இவர் பெட்டிகளைப் பார்த்தார். "செய்யலாம். கண்டிப்பா செய்யலாம். ஞாயித்துக்கிழமை முடியட்டும்."

"ஞாயித்துக்கிழமை என்ன?"

"கோடை நடை. பெரிய அதிகாரி குடும்பத்தோட வர்றாரு. குடிலை மூடிட்டு, எதிர்ல மீன் பெட்டிய பரப்பி வச்சா நல்லாவா இருக்கும்? குப்பைமேடு மாதிரி இருக்கும்."

"ஞாயித்துக்கிழமை பௌர்ணமி."

"காத்து இல்லம்மா. காத்து இல்லாம தண்ணி அவ்வளவு தூரம் ஏறாது. நான் இந்தக் கடலை இன்னைக்கா பாக்குறேன்?"

அதுதான் கொடுமை. இவருக்குக் கடல் தெரியாது என்றால் மன்னித்துவிடலாம். தெரியும். என்னை விட நன்றாகத் தெரியும். 'உங்கள் பேச்சில் மட்டும்தான் பறவை' என்று ஒரு மனிதன் சிரித்த சிரிப்பு இவருக்குத் தெரிந்ததையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை, ஆள் இல்லாத நேரம் பார்த்து நான் தனியாக நாலைந்து குழிகளை ஏற்றத் தொடங்கினேன். மறுநாள் போய்ப் பார்த்தால் பெட்டிகள் பழையபடி கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியிருந்தன, மணல் தட்டிச் சமப்படுத்தியிருந்தது. குழிகள் பத்திரமாகத்தான் கீழே இறங்கியிருந்தன. முட்டைக்கு ஒரு கீறல் இல்லை. இவர் கை அவ்வளவு நல்ல கை. குனிந்து பார்த்தபோது ஒரு முட்டையில் நட்சத்திரம் மாதிரி சின்ன வெடிப்பு. காதை வைத்துக் கேட்டேன். உள்ளேயிருந்து கீச்சென்றது. இன்னும் ஒரு நாள், இல்லை இரண்டு நாள். போதும், கடலே, இரண்டு நாள் பொறு என்று அங்கேயே மண்டியிட்டுக் கெஞ்சினேன். எனக்குக் கடவுளிடம்கூட அப்படிக் கெஞ்சிப் பழக்கமில்லை.

ஞாயிறு விடியும்போது ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. காற்று.

நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தண்ணீர் வந்து, இருந்ததையெல்லாம் துடைத்து, திரும்பியும் போய்விட்டது. ஈர மணல் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த மாதிரி சுத்தமாகக் கிடந்தது. குழி ஒன்றுகூட இல்லை. பாசி ஒதுங்கிய கோட்டில் தேடினேன். உடைந்த ஓடுகள், இரண்டு மூன்று முழு முட்டைகள், சில்லென்று. வெடிப்பு விட்டிருந்த முட்டை எது என்று தெரியவில்லை. ஒரு குஞ்சு கிடைத்தது. வெளியே வந்து சில மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஈரப் பஞ்சு மாதிரி என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. தலைக்கு மேலே ஆலாக்கள் கத்திக்கொண்டே சுற்றின. என் மடியிலிருந்தே ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி நான் கதறினேன்.

மரப் பறவைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கம்பி அப்படிப்பட்ட கம்பி. கழுத்தில் பாசி மாலையோடு, எல்லாம் குடிலைப் பார்த்தபடி நின்றன.

இவர் வந்தார். வந்து நின்று பார்த்தார். கண் கலங்கியது, அதை நான் மறைக்க மாட்டேன். என் தோளைத் தொட வந்த கையைத் தட்டிவிட்டேன். அப்புறம் இவர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குனிந்து, மரப் பறவைகளின் கழுத்திலிருந்து பாசியை ஒவ்வொன்றாக எடுத்தார். கைக்குட்டையால் மூக்குகளைத் துடைத்தார்.

"என்ன பண்றீங்க?"

"கூட்டம் வர்ற நேரமாச்சு. நீ முகத்தைக் கழுவிக்க. நடைக்கு நீதான் போகணும்."

போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொள்கிறேன். கால் தானாகப் போனது. அன்றைக்குப் பார்த்து அப்படி ஒரு நாள். காற்று அடங்கி, வெயில் இளசாக, மணல்மேட்டுக் கொடியெல்லாம் பூத்து, ஒவ்வொரு பூவிலும் பட்டாம்பூச்சி. தும்பிகள் கூட்டமாகப் பறந்தன. ஒரு முயல் பலகைப் பாதையின் குறுக்கே வந்து, நின்று, எங்களை அளந்து பார்த்துவிட்டுப் போனது. அதிகாரியின் மனைவி கைதட்டினாள். "இப்படி ஒரு எடத்துல வேலை பாக்க குடுத்து வச்சிருக்கணும்" என்று என்னிடம் சொன்னாள். "ஆமாங்க" என்றேன்.

குடிலில் இவர் தயாராக நின்றார். சலவைச் சட்டை. எல்லாரும் பிளவில் முகத்தை வைத்தார்கள்.

"அட! எவ்வளவு கிட்ட!"

"எல்லாம் நம்மளையே பாக்குது பாருங்க."

அதிகாரி பைனாகுலரைக்கூட எடுக்கவில்லை. இவர் தோளில் தட்டினார். "போன வருஷம் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்யா."

ஒரு பெண்மணி மட்டும் கேட்டாள். "ஏங்க, ஒண்ணுகூட அசையவே இல்லையே?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை.

"அடை காக்குற நேரம்ங்க. தாய் அசையாது. அது ஒரு தவம்."

தவமாம். எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார். என் தோள்பையில் அந்தக் குஞ்சு இருந்தது. புதைக்க நேரமில்லாமல் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தேன்.

சாயங்காலம் இவர் வீட்டில் விசிலடித்தபடி கால் கழுவினார். அதிகாரிக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். கோடை முழுக்க வாரா வாரம் கூட்டம் அனுப்புகிறாராம். நான் பேசவில்லை. என் பேசாமையைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது இவருக்குச் சௌகரியம். பின்னறை வாசலில் வந்து சாய்ந்து நின்றார்.

"மேஸ்திரி."

நான் திரும்பவில்லை.

"அடை காக்குதுன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் வர்றவங்க குஞ்சு எங்கன்னு கேப்பாங்க. சின்னதா ரெண்டு மூணு குஞ்சு செஞ்சு தர்றியா? உன் கையால செஞ்சா உயிரோட இருக்குற மாதிரியே இருக்கும்."

அடிக்கக் கை ஓங்கியிருக்கலாம். உளியை விட்டெறிந்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. இந்த முகத்தை எங்கேயாவது பார்த்திருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சேற்றில் நின்று சண்டை போட்ட ஆளைத் தேடினேன். ஜாடைகூட இல்லை.

இத்தோடு விட்டிருந்தால் நானும் ஒரு மூலையில் அழுதுவிட்டு அடுத்த கோடைக்குக் காத்திருப்பேன். ஆனால் ஆலாக்கள் திரும்பி வந்தன. முதல் முட்டை போனால் ஒரு தரம் மறுபடி வைத்துப் பார்க்கும், கோடை மிச்சம் இருந்தால். சில நாளில் ஒவ்வொரு ஜோடியாக இறங்கின. அதே இடத்தில். ஏன் என்றால் என் மரப் பறவைகள் அங்கேதான் நின்றன. கடல் வந்து எல்லாரையும் கொண்டுபோன இடத்தில் இவர்கள் மட்டும் அசையாமல் இருக்கிறார்கள் என்றால், ஆலா என்னதான் நினைக்கும்? ஓர் ஆண் ஆலா சின்ன மீனைக் கவ்விக்கொண்டு வந்து ஒரு மரப் பறவையின் முன்னால் வைத்துவிட்டு, அது வாயைத் திறக்கும் என்று நின்றது. நான் பார்த்தேன். ரொம்ப நேரம் நின்றது.

இன்னும் முட்டை வைக்கவில்லை. இப்போதே மரப் பறவைகளை முதுகுக்குக் கொண்டுபோனால் பின்னாலேயே வந்துவிடும். அடுத்த கடலேற்றத்துக்கு முன்னால் ஒரு வழி இருக்கிறது. இவரிடம் சொன்னேன். கையெடுத்துக் கும்பிடவும் செய்தேன்.

"திரும்பி வந்துருச்சுல்ல? அப்ப இடம் புடிச்சிருக்குன்னுதானே அர்த்தம்? நீதான் தேவையில்லாம அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுன" என்றார்.

காலையில் நான் போய் எல்லாவற்றையும் பிடுங்கி முதுகில் நட்டேன். மத்தியானம் இவர் எல்லாவற்றையும் பிடுங்கிப் பழையபடி குடிலுக்கு எதிரே நட்டார். மறுநாளும் அதே கதை. பாவம், ஆலாக்கள் அங்கேயும் இங்கேயும் அலைந்தன. புருஷன் பெண்டாட்டி சண்டையில் குடித்தனக்காரன் அலைகிற மாதிரி. ரேடியோ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா உள்ள கேட்டுக்குப் பூட்டு மாத்திட்டாரு, உன்கிட்ட சாவி குடுக்கக் கூடாதாம்" என்றாள். இந்தச் செய்தியைச் சொல்லும்போது அவளுக்கே குரல் இறங்கிவிட்டது.

ஆள் இல்லாத நேரத்தில் செய்தால் திருப்பி நட்டுவிடுவார். எல்லாரும் பார்க்கச் செய்தால் அப்புறம் எந்த முகத்தோடு நடுவார்? அடுத்த கூட்டம் வந்த அன்று நடைக்கு நான் போகவில்லை. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, கழியைச் சுற்றி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கடல் பக்கமாக வந்தேன். குடில் நிறைந்திருந்தது. பிளவு நெடுக பைனாகுலர்கள்.

ஈரப் புடவையோடு மணலில் ஏறினேன். உயிருள்ள ஆலாக்கள் சட்டென்று எழுந்து தலைக்கு மேலே கத்தின. மரப் பறவைகள் எழவில்லை.

"யாரது? பறவைய மிதிக்கப் போறாங்க!" என்று குடிலுக்குள் ஒரு பெண் கத்தினாள். கைக்கெட்டும் தூரம் அல்லவா, ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அதற்குத்தானே இவர் இவ்வளவு பக்கத்தில் நட்டார்.

"ஏங்க, அவங்களைத் தடுங்க!"

"ஏம்மா, உனக்கு இரக்கமே இல்லையா? அடை காக்குற பறவைம்மா!"

முதல் பறவையின் கழுத்தைப் பிடித்துத் திருகி, கம்பியோடு உருவி அக்குளில் இடுக்கினேன். குடிலில் பலர் ஐயோ என்றார்கள். கம்பியைப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டாவதை உருவினேன். மூன்றாவதை உருவியபோது குடிலுக்குள் சத்தம் அடங்கியது. ஒருத்தர் இழுத்து இழுத்துக் கேட்டார். "ஏங்க... அது மரமாங்க?"

இப்போது சொல்வார் என்று நினைத்தேன். வேறு வழியில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த மனிதருக்கு வாய் வித்தை தெரியும், உண்மையைக்கூட அழகாகச் சொல்லத் தெரியும். 'இது என் மனைவி, இது அவள் செய்த பறவை, நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன்' என்று சொன்னால் கூட்டம் மன்னித்துவிடும். நானும் மன்னித்துவிடுவேன். அடுத்த பறவையின் மேல் கையை வைத்துக்கொண்டு, குனிந்தபடியே காத்திருந்தேன்.

"பாத்தீங்களா" என்றார். குரல் நடுங்கவே இல்லை. "இதைத்தான் சொல்ல வந்தேன். பறவைங்க இருந்த இடத்துல யாரோ ராத்திரியோட ராத்திரியா பொம்மைய நட்டு வச்சிருக்காங்க. இந்த மாதிரி ஆளுங்களாலதான் எங்களுக்குத் தொல்லை."

"யாருங்க இந்தம்மா?"

"தெரியலைங்க. அடிக்கடி வருவாங்க."

"பாவம். புத்தி சுவாதீனம் இல்லையோ?"

"இருக்கலாம்ங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் நிமிர்ந்தேன். தொப்பியைக் கழற்றினேன், முகம் நன்றாகத் தெரியட்டும் என்று. பிளவில் கண்ணாடி வட்டங்கள் வரிசையாக என்னையே பார்த்தன. அவற்றில் இவருடையது எது என்று எனக்குத் தெரியவில்லை.

மிச்சத்தையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு முதுகுக்கு நடந்தேன். யாரும் தடுக்கவில்லை, பைத்தியத்துக்கு எல்லாரும் வழி விடுவார்கள். மேலே போய் ஒவ்வொன்றாக அடித்து நட்டு, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறேன். இருட்டினதும் ரேடியோ சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "வீட்டுக்கு வா, ஐயா தேடுறாரு" என்றாள்.

"எந்த ஐயா?" என்று கேட்டேன்.